கோரஸ் பெண்களுக்காகக் கொடி பிடித்த ஹாலிவுட் நடிகை

வாரச் சம்பளம் 8 டாலருக்கு மேல் இல்லை. அதில் பாதியை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட வேண்டும். மீதிப் பாதியில் சாப்பாடு, படுக்க இடம், சலவைக் கூலி எல்லாம்.

சம்பளம் வந்த மறுநாள் தபால் ஆபீசில் மணியார்டர் பாரத்துடன் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவள் 14 வயதுச் சிறுமி. வயது 18 என்று பொய் சொல்லி, ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவள்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் எந்த நட்சத்திரத்தின் படத்துக்கு அதிக வசூல் என்று தியேட்டர்காரர்களிடம் கேட்டார்கள். 1932-ம் ஆண்டும் அவர் பெயரே முதலில் வந்தது. 1933-ம் ஆண்டும் அவர் பெயரே முதலில் வந்தது. கிரேட்டா கார்போவும் ஜீன் ஹார்லோவும் கொடி கட்டிப் பறந்த காலம் அது. அவர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளியவருக்கு அப்போது வயது 60-ஐத் தாண்டியிருந்தது. பருத்த உடம்பு, தொங்கிய கன்னங்கள், அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி யாராவது சொல்லியிருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

அவர் பெயர் மேரி டிரஸ்லர். நாடக நடிகை, பாடகி, சிரிப்பு நடிகை, குணச்சித்திர நடிகை, தன் கதையைத் தானே இரண்டு முறை புத்தகமாகத் தந்த எழுத்தாளர். இவற்றுடன், ஒரு தொழிற்சங்கத்தின் முதல் தலைவி.

சித்தி பெயர்

கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்தில், பெரிய ஏரிக்கரை ஓரமாக கோபர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே 1868-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லைலா மேரி கெர்பர். தந்தை ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர், பட்டாளத்தில் இருந்தவர். கனடாவில் சங்கீத வாத்தியாராகவும், மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பவராகவும் காலம் தள்ளினார். கோபம் அதிகம், வருமானம் குறைவு. வேலை தேடி ஊர் மாறிக்கொண்டே இருந்தார். குடும்பமும் பெட்டி படுக்கையுடன் பின்னால் போயிற்று.

மகள் நாடகத்துக்குப் போகிறாள் என்றதும் தந்தை சீறினார். "என் குடும்பப் பெயரை மேடையில் இழுக்காதே" என்பது உத்தரவு. அந்தக் காலத்தில் 'கூத்தாடி' என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே மரியாதைதான்! உறவில் ஒரு சித்தியின் பெயரை எடுத்துக்கொண்டு, கெர்பர் என்ற பெண் டிரஸ்லர் ஆனார்.

முதலில் சேர்ந்த கம்பெனி, தமிழ்நாட்டு பாய்ஸ் கம்பெனிகளைப் போல ஒரு பள்ளிக்கூடம். இன்று இந்த நாடகம் என்று போர்டு எழுதியிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வேறு நாடகம் என்று மாற்றிவிடுவார்கள். வசனத்தை அதற்குள் நெட்டுருப் போட்டாக வேண்டும். பிறகு சேர்ந்தது ஒரு இசை நாடகக் கம்பெனி. 'மிக்காடோ' என்ற நாடகத்தில் முக்கிய வேஷக்காரிக்குக் கால் சுளுக்கிக்கொள்ள, கோரஸில் நின்ற டிரஸ்லரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அந்தக் கம்பெனியில் வாரம் 8 டாலர் என்று பேச்சு. பேச்சுதான், பணம் கைக்கு வரவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்.

இந்த 8 டாலரை அவர் மறக்கவே இல்லை. அந்த நினைவு 1919-ம் ஆண்டில் வேறு உருவத்தில் வெளியே வந்தது.

சோக நாயகி ஆக ஆசை

1892-ம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் முதன்முதலாக ஏறினார். அவர் மனசில் இருந்தது பெரிய இசை நாடகப் பாடகி ஆக வேண்டும், இல்லாவிட்டால் சோக நாயகி ஆக வேண்டும் என்ற ஆசை. அந்த நாடகத்தை எழுதியவர் மாரிஸ் பேரிமூர் என்ற நடிகர். "உனக்கு அதெல்லாம் வேண்டாம், சிரிக்க வை" என்று அவர்தான் திசை திருப்பினார். நாடகம் 5 வாரத்தில் படுத்துவிட்டது. புத்திமதி மட்டும் பலித்தது.

1896-ல் 'லேடி ஸ்லேவி' என்ற நாடகம் டிரஸ்லரைப் பெரிய நடிகை ஆக்கியது. அதன் பிறகு நியூயார்க், சிகாகோ, லண்டன் என்று ஓட்டம். லண்டனில் கைதட்டலும் கிடைத்தது, அடியும் கிடைத்தது. 1909-ல் அங்கே சொந்தப் பணத்தைப் போட்டு நாடகம் நடத்தி, 40 ஆயிரம் டாலர் நஷ்டம். சொந்தப் பணத்தில் நாடகம் போட்டவர்கள் கதை எங்கும் இப்படித்தான். அந்தக் கடனை அவர் கடைசியாகத் தீர்த்தது 1930-ம் ஆண்டில். 21 ஆண்டுகள் கழித்து! இத்தனை காலம் ஒரு கடனை மனசில் வைத்திருந்தவர்கள் நாடக உலகில் அபூர்வம்.

1910-ல் 'டில்லியின் கனவு' வந்தது. ஒரு மெஸ்ஸில் எடுபிடி வேலை செய்கிற பெண் டில்லி. வேலை முடிந்த அலுப்பில் தூங்கிப்போய்க் கனவு காண்கிறாள். கனவில் கப்பல், விமானம், பாரிஸ் நகரம். இதில் ஒரு பாட்டு. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தாய் கண்ணீருடன் சொல்லும் புத்திமதி; உழைக்கிற பெண்ணைத் தெய்வம் காக்கும் என்று பல்லவி. கேலிப் பாட்டுதான். ஆனால் அதைக் கேட்டுச் சிரித்த பெண்களில் பலர் அப்படிப் பட்டணம் வந்தவர்களே. அந்தப் பாட்டு டிரஸ்லருக்கு முத்திரையாகவே ஆகிவிட்டது.

டில்லிக்கு இருந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் மாக் சென்னட் என்ற பட அதிபர் 1914-ல் டிரஸ்லரை வைத்து ஒரு முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்தார். அதுவரை சிரிப்புப் படம் என்றால் ஒரு ரீல், இரண்டு ரீல். இது ஆறு ரீல். கதாநாயகி டிரஸ்லர். அவரை ஏமாற்றிப் பணத்தைப் பறிக்கப் பார்க்கும் பட்டணத்துப் பேர்வழியாக நடித்தவர், கம்பெனியில் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். அவர் பெயர் சார்லி சாப்ளின்! உலகமே கொண்டாடிய சாப்ளினுக்கு முதல் முழுநீளப் படம், மேரி டிரஸ்லர் படத்தில் இரண்டாவது வேஷம் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் உலகப்போரின்போது அமெரிக்க அரசின் போர்க் கடன் பத்திரங்களை விற்பதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிரான்சில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு தெருவுக்கும் ஒரு பசு மாட்டுக்கும் அவர் பெயரை வைத்தார்களாம். குண்டு விழுந்து மாடு செத்தது. மேரி டிரஸ்லர் போர்முனையில் மரணம் என்று செய்தி பரவி, தான் உயிரோடுதான் இருப்பதாக அவர் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

1919: ஆட்டம் நின்றது

இனி அந்த வேலைநிறுத்தம்.

அமெரிக்க மேடையில் அப்போது கோரஸ் பெண்களின் நிலை என்ன? நம் சினிமாவில் 'குரூப் டான்ஸ்' என்கிறோமே, அந்த வேலை. நாயகி நடுவில் நிற்பார். பின்னால் இருபது முப்பது பேர் ஆட வேண்டும், பாட வேண்டும். நாடகம் அரங்கேறுவதற்கு முன்னால் எத்தனை வாரம் ஒத்திகை நடந்தாலும் சம்பளம் கிடையாது. பத்து வாரம்கூட இழுப்பார்கள். ஒத்திகை முடிந்து நாடகம் நாலே நாளில் படுத்துவிட்டால், நாலு நாள் சம்பளம். காலுறை, செருப்பு போன்றவற்றைத் தன் கைக்காசில் வாங்கவேண்டும். பண்டிகை நாளில் கூடுதல் ஆட்டம் வைத்தால் அதற்குத் தனியாகக் காசு இல்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் கூட்டம் வராது என்று பாதிச் சம்பளம். வெளியூரில் கம்பெனி நொடித்துப்போனால் முதலாளி ரயிலேறிப் போய்விடுவார். பெண்கள் கையில் காசில்லாமல், தெரியாத ஊரில் ஓட்டல் பாக்கியுடன் நிற்க வேண்டும்.

நடிகர்களுக்கு 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்று ஒரு சங்கம் 1913-ல் தோன்றியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம் வேண்டும் என்று அது ஆறு ஆண்டு கேட்டுப் பார்த்தது. நாடக முதலாளிகள் மசியவில்லை. நாங்கள் கலைஞர்களா, தொழிலாளர்களா என்று நடிகர்களுக்குள்ளேயே விவாதம் வேறு. தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவர்கள் அன்றைக்கும் ஏராளம். கடைசியில் 1919-ம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தோடு சங்கம் இணைந்தது. ஆகஸ்டு 7-ந் தேதி மாலை ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் நடிகர்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்தார்கள்.

சிக்கல் இங்கேதான். ஈக்விட்டி நடிகர்களின் சங்கம். கோரஸ் பெண்கள் அதில் உறுப்பினர்களே இல்லை. நடிகர்கள் வெளியே போனாலும் கோரஸை வைத்துப் பாட்டும் கூத்துமாக ஆட்டத்தை ஓட்டிவிடலாம் என்று முதலாளிகள் நினைத்தால் போராட்டம் அம்போ. அதனால் ஆகஸ்டு 12-ந் தேதி கோரஸ்காரர்களுக்கென்று தனிச்சங்கம் தொடங்கினார்கள். யாரைத் தலைவி ஆக்குவது? மேரி டிரஸ்லர் பெயர்தான் வந்தது.

அப்போது அவருக்கு வயது 50. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் பெயர் போடும் நடிகை. கோரஸ் பெண் காலுறை வாங்கும் காசும், சம்பளமில்லாத ஒத்திகையும் அவருக்கு இனித் தலைவலி இல்லை. முதலாளிகளோடு சுமுகமாக இருந்தால் அடுத்த நாடகம், அதற்கடுத்த நாடகம் என்று காலம் ஓடியிருக்கும். அவர் இந்தப் பக்கம் வந்து நின்றார். தானும் வாரம் 8 டாலருக்குக் கோரஸில் நின்றவள்தான் என்று கூட்டத்தில் சொன்னார். அந்தப் பெண்களுக்கு வேறு சிபாரிசு தேவைப்படவில்லை.

போராட்டம் வேடிக்கையான போராட்டம். சும்மா கோஷம் போடுவதற்கு நடிகர்களுக்குத் தெரியாது. தெருவிலேயே நாடகம் போட்டார்கள். ஊர்வலத்தில் பாட்டு, நடனம். செலவுக்குப் பணம் திரட்ட, வேலைநிறுத்தக்காரர்களே ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து ஆட்டம் நடத்தினார்கள். டிக்கெட் பறந்தது. மாரிஸ் பேரிமூரின் பிள்ளைகளான எதல் பேரிமூரும் லயனல் பேரிமூரும் அதில் நடித்தார்கள். எதிர்ப்பக்கமும் சளைக்கவில்லை. ஜார்ஜ் கோஹன் என்ற புகழ்பெற்ற நடிகர் முதலாளி அணியில் நின்றார். 'ஃபிடலிட்டி' என்ற பெயரில் ஒரு போட்டிச் சங்கம் முளைத்தது. ஃபிடலிட்டி என்றால் விசுவாசம். வேலைநிறுத்தக்காரர்கள் அதைச் சுருக்கி 'ஃபைடோ' என்று கூப்பிட்டார்கள். அது அமெரிக்காவில் நாய்க்கு வைக்கிற பெயர்!

நடிகர்கள் மட்டும் நின்றிருந்தால் இன்னும் பல மாதம் இழுத்திருக்கலாம். ஆட்டத்தை முடித்துவைத்தவர்கள் திரை இழுப்பவர்களும், விளக்குப் போடுபவர்களும், வாத்தியக்காரர்களும். அவர்களும் ஆதரவாக வேலையை நிறுத்தியபோது கொட்டகைகள் இருண்டன. போராட்டம் 8 நகரங்களுக்குப் பரவியது. 37 நாடகங்கள் நின்றன. 16 நாடகங்கள் அரங்கேற முடியாமல் போயின. நஷ்டம் 30 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். செப்டம்பர் 6-ந் தேதி முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். சரியாக 30 நாள்.

என்ன கிடைத்தது? வாரத்துக்கு 8 ஆட்டம். அதற்கு மேல் ஆடினால் தனிச் சம்பளம். இலவச ஒத்திகைக்கு வரம்பு. காலுறையும் செருப்பும் கம்பெனி செலவு. கோரஸ் பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நியூயார்க்கில் வாரம் 30 டாலர், வெளியூரில் 35 டாலர். எட்டு டாலரில் தொடங்கியவருக்கு இந்த 35 டாலரின் கனம் தெரியும்.

வேலை இல்லாத ஆண்டுகள்

வெற்றி கோரஸ் பெண்களுக்கு. தலைவிக்கு?

1920-க்குப் பிறகு டிரஸ்லருக்கு வாய்ப்புகள் சுருங்கின. முதலாளிகள் வஞ்சம் வைத்திருந்தார்கள் என்பது நாடக உலகில் பலர் சொன்ன பேச்சு. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காலம் மாறிவிட்டது. குட்டைக் கிராப்பு, குட்டைப் பாவாடை, ஜாஸ் சங்கீதம் என்று யுத்தத்துக்குப் பிந்திய தலைமுறை வேறு ருசிக்குப் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டிய பருத்த பெண் குப்புற விழுவதைப் பார்க்க அவர்கள் தயாராக இல்லை.

வீட்டிலும் இருட்டு. இளமையில் செய்த கல்யாணம் எப்போதோ முறிந்திருந்தது. பிறகு ஜேம்ஸ் டால்டன் என்பவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் டால்டனின் முதல் மனைவி விவாகரத்து தரவில்லை. 1921-ல் டால்டன் இறந்தபோது, அந்த மனைவியின் குடும்பம் வந்து உடலை எடுத்துப் போயிற்று. இத்தனை காலம் பணிவிடை செய்தவருக்கு அடக்கம் செய்யும் உரிமைகூட இல்லை.

இந்த ஆண்டுகளில்தான் பேனாவை எடுத்தார். 1924-ல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. தலைப்பில் தன்னை 'அழகற்ற வாத்துக்குஞ்சு' என்று சொல்லிக்கொண்டார். ஆண்டர்சன் கதையில் அந்தக் குஞ்சு கடைசியில் அன்னமாகிவிடும். 1924-ல் டிரஸ்லரைப் பார்த்த யாருக்கும் அன்னம் ஞாபகம் வந்திராது. பாரிசுக்குப் போய் ஒரு சிறிய ஓட்டல் நடத்திப் பிழைக்கலாமா என்றுகூட யோசித்தார்.

ஒரு பேட்டிக்குக் கைம்மாறு

1911-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சம்பவம். பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணை, மேரி டிரஸ்லரைப் பேட்டி கண்டு வா என்று அனுப்பினார்கள். டிரஸ்லருக்கு அந்தப் பத்திரிகை முதலாளியோடு தகராறு. அந்தப் பத்திரிகைக்காரர் யாரையும் உள்ளே விடுவதில்லை. பேட்டி இல்லாமல் திரும்பினால் வேலை போய்விடும் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். டிரஸ்லர் மனமிரங்கிப் பேட்டி கொடுத்தார்.

அந்தப் பெண்தான் பிரான்சிஸ் மேரியன். பின்னாளில் ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய கதாசிரியைகளில் ஒருவர். இரண்டு ஆஸ்கார் பெற்றவர். 1917-லேயே டிரஸ்லருக்கு ஒரு படம் எழுதியிருந்தார். டிரஸ்லர் வேலையின்றி இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அவருக்காகவே ஒரு கதை எழுதி, எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இர்விங் தால்பர்க் என்ற அதிகாரியிடம் போய் வாதாடினார். படம் 1927-ல் வெளிவந்தது. அதிர்ஷ்டம் அப்போதும் வழிவிடவில்லை. அயர்லாந்துக்காரர்களைக் கேலி செய்கிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் படத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஆலன் டுவான் என்ற டைரக்டரும் ஒரு படத்தில் சிறு வேஷம் தந்தார். மேலும் சில சிறு வேஷங்கள் வந்தன.

பிறகு பேசும் படம் வந்தது. ஊமைப்படத்தில் வாயசைத்துக் கொண்டிருந்த அழகிகள் பலர் குரல் சரியில்லை என்று கலங்கினார்கள். மேடையில் நாற்பதாண்டு கத்திப் பேசிய டிரஸ்லருக்கு மைக்கைக் கண்டு என்ன பயம்?

1930-ல் கிரேட்டா கார்போவின் முதல் பேசும் படம் 'அன்னா கிறிஸ்டி'. கார்போ பேசுகிறார் என்பதே விளம்பரம். திரைக்கதை பிரான்சிஸ் மேரியன். அதில் துறைமுகச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கும் குடிகாரக் கிழவி வேஷத்துக்கு டிரஸ்லரை விடாப்பிடியாகச் சிபாரிசு செய்தார். கார்போ குரலைக் கேட்கப் போன கூட்டம், வெளியே வரும்போது கிழவியைப் பற்றிப் பேசியது. எம்.ஜி.எம். உடனே வாரம் 500 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

மின், எம்மா, ஆனி

அதே ஆண்டு வந்தது 'மின் அண்ட் பில்'. இதுவும் பிரான்சிஸ் மேரியன் கைவண்ணம். மின் என்பவள் துறைமுகத்தில் மலிவான விடுதி நடத்துகிறவள். யாரோ ஒருத்தி விட்டுப்போன குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அன்பு காட்டத் தெரியாது, திட்டத்தான் தெரியும். அந்தப் பெண் பெரியவளாகி, நல்ல இடத்தில் கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில், பெற்ற தாய் கெட்ட எண்ணத்தோடு வந்து சேர்கிறாள். மகளின் வாழ்வு பாழாகாமல் இருக்க மின் அவளைச் சுட்டுவிடுகிறாள். கடைசிக் காட்சியில், மணமகளாய்க் கப்பலேறும் பெண்ணைக் கூட்டத்துக்குள் மறைந்து நின்று பார்க்கிறாள். முகத்தில் ஒரு சந்தோஷம். பக்கத்தில் போலீஸ்காரர் வந்து தோளில் கை வைக்கிறார்.

சிரிப்பு நடிகை என்று போனவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். மாரிஸ் பேரிமூர் 1892-ல் வேண்டாம் என்று தடுத்த அந்தச் சோக நாயகி, 62-வது வயதில் கடைசியாக வெளியே வந்துவிட்டாள்.

1931-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி, 63-வது பிறந்தநாளுக்கு மறுநாள், லாஸ் ஏஞ்சல்சில் அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. பரிசை வழங்கியவர் முந்திய முறை அதே பரிசைப் பெற்ற நார்மா ஷீரர். அவரும் கனடாக்காரர், மான்ட்ரியல் நகரம். அதற்கு முந்திய முறை வாங்கிய மேரி பிக்போர்டும் கனடா, டொராண்டோ நகரம். அடுத்தடுத்து மூன்று தடவை அயலூர்ப் பெண்களே பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள்! அன்றிரவு சிறந்த நடிகர் பரிசு யாருக்குத் தெரியுமா? மாரிஸ் பேரிமூரின் மகன், வேலைநிறுத்த காலத்துத் தோழர் லயனல் பேரிமூருக்கு.

அமெரிக்காவில் அது பஞ்ச காலம். 1933-ல் நாலு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் ஜனங்கள் கையில் இருந்த சில்லறையைக் கொடுத்துப் பார்க்க விரும்பிய முகம் இந்தக் கிழவியின் முகம். அவர் வேஷங்களைப் பாருங்கள்: விடுதிக்காரி, வேலைக்காரி, இழுவைப் படகு ஓட்டுகிறவள். 'டக்போட் ஆனி'யில் குடிகாரப் புருஷனையும் படகையும் சேர்த்து இழுக்கிற பெண். பட்டு உடுத்த வேஷமும் உண்டு. 'டின்னர் அட் எய்ட்' படத்தில் நொடித்துப்போன பழைய நாடக நடிகை. அதன் கடைசியில், ஜீன் ஹார்லோ தான் ஒரு புத்தகம் படித்ததாகச் சொன்னதும், நடந்துகொண்டிருந்த டிரஸ்லர் அதிர்ந்து தடுமாறி நிற்கிறாரே, அந்த ஒரு நொடியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனாலும் அவர் உள்ளத்தைக் காட்டிய படம் 'எம்மா'தான் (1932). இருபது ஆண்டு ஒரு வீட்டில் வேலை செய்து, தாயில்லாத நாலு பிள்ளைகளை வளர்க்கிறாள் எம்மா. வாழ்நாளில் முதல் தடவையாக லீவு எடுத்துக்கொண்டு நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கக் கிளம்புகிறாள். வழியனுப்ப வந்த முதலாளி அவளையே கல்யாணம் செய்துகொள்கிறார். கொஞ்ச நாளில் அவர் இறந்துபோக, சொத்தெல்லாம் எம்மாவுக்கு என்று உயில். தூக்கி வளர்த்த பிள்ளைகளே அவள்மேல் கொலைப்பழி போடுகிறார்கள். அவளுக்காகப் பேச வந்துகொண்டிருந்த கடைசிப் பையன் விமான விபத்தில் சாகிறான். நிரபராதி என்று தீர்ப்பானதும், சொத்தை அந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டு, எம்மா இன்னொரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். கதை கொஞ்சம் மிகைதான். டிரஸ்லர் முகத்தைப் பார்க்கும்போது மிகையாகத் தெரியாது. இதற்கும் ஆஸ்காருக்குப் பெயர் போயிற்று, பரிசு கிடைக்கவில்லை.

சொல்லாத நோய்

இந்த வெற்றிக்கு நடுவில் அவர் உடம்பில் புற்றுநோய் இருந்தது. விஷயம் முதலில் தெரிந்தது டாக்டருக்கும் ஸ்டூடியோ அதிபர் லூயி மேயருக்கும். மேயர் அவரிடம் சொல்லவில்லை. வெளியூர்ப் பயணம் போக விடாமல் தடுத்தார். காரணம் தெரியாத டிரஸ்லர் கோபித்துக்கொண்டார். பிறகு படப்பிடிப்பில் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று ஏற்பாடு. அப்படியே 1933-ல் படங்கள் முடிந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'டைம்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது.

1934-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற ஊரில் காலமானார். வயது 65. அதே ஆண்டு அவருடைய இரண்டாவது சுயசரிதை, அவர் சொல்லச் சொல்ல ஒரு பத்திரிகையாளர் எழுதியது, புத்தகமாக வந்தது. அவர் கண்ணை மூடிய பிறகுதான் வாசகர் கைக்கு வந்தது.

கோபர்க்கில் அவர் பிறந்த வீடு பல ஆண்டுகள் ஓட்டலாக இருந்தது. 1989-ல் தீப்பிடித்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டிப் பழுதுபார்த்து நினைவு இல்லமாக்கினார்கள். 2008-ல் கனடா தபால் இலாகா அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

உயிலில் பெரும்பகுதி அக்காள் பொனிட்டாவுக்கு. ஆனால் உயிலில் வேறொரு பெயரும் இருந்தது. 20 ஆண்டு கூடவே இருந்த கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு 35 ஆயிரம் டாலரும் தன் மோட்டார் காரும். அவருடைய கணவர், 4 ஆண்டு வேலை பார்த்தவர், அவருக்கு 15 ஆயிரம் டாலர். கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தம்பதிகள் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்ற ஊருக்குப் போனார்கள். 1936-ம் ஆண்டு அங்கே 'தென்னந்தோப்பு' என்ற பெயரில் சொந்தமாக ஒரு பாட்டுக் கச்சேரி விடுதி திறந்தார்கள்.